சென்னை–துபாய்–டொராண்டோ: அம்மாவின் கைப்பையில் என்ன வைப்பது?

கேள்வி:
டொராண்டோ வந்து மூன்று மாதம் ஆகிறது. அடுத்த மாதம் அம்மா தனியாக வருகிறார். 64 வயது, சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், க்ளிமிபிரைடு, இரவில் இன்சுலின் ஊசி. துபாயில் விமானம் மாற வேண்டும். கட்டுச்சோறு கொடுத்தனுப்பலாமா? மருந்து விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

டிக்கெட் விவரம் தெரிந்தவர்:
விமானத்தில் தரும் சாப்பாட்டை டிக்கெட் போட்ட அன்றே பதிந்துவிடுங்கள். புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்புவரை பொதுவாக ஏற்பார்கள், சில நிறுவனங்கள் 48 மணி நேரம் கேட்கும். அம்மாவுக்கு வேண்டிய உணவுக் குறியீடு ஏ.வி.எம்.எல். (AVML), அதாவது நம்மூர்ப் பாணிச் சைவம். எச்.என்.எம்.எல். என்றால் ‘இந்து உணவு’ என்று விரிவதைப் பார்த்து நம்மவர்கள் அதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள், தட்டில் கோழி வந்து நிற்கும். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவம். டி.பி.எம்.எல். சர்க்கரைக்காரர்களுக்கானது, ஆனால் அதுவும் சைவம் என்று எந்த உறுதியும் இல்லை. ஒருவருக்கு ஒரு குறியீடுதான் தருவார்கள் என்பதால் ஏ.வி.எம்.எல். போட்டுவிட்டு, உடன் வரும் இனிப்பையும் பழச்சாற்றையும் அம்மா ஒதுக்கிவிடுவதே சரி.

இரண்டு விமானமும் வெவ்வேறு நிறுவனம் என்றால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். பயணத் தேதி மாறினாலோ விமானம் மாற்றப்பட்டாலோ இந்தப் பதிவு காணாமல் போவது சகஜம். முந்தைய நாள் ஆன்லைன் செக்-இன் செய்யும்போது இன்னொரு முறை பாருங்கள்.

சக்கர நாற்காலி கேட்டிருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். துபாயில் தள்ளிக்கொண்டு போகிறவர் உணவுக் கடைப் பக்கம் நிறுத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது. கொறிக்க ஏதாவது கைக்கு எட்டுகிற பையில் இருக்க வேண்டும்.

சமையல்காரர்:
கட்டுச்சோறு தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சென்னை–துபாய் நாலு மணி நேரம், அங்கே காத்திருப்பு, பிறகு டொராண்டோவுக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். விமானத்தில் நம் டப்பாவைக் குளிர்பெட்டியில் வைக்கவோ சூடாக்கவோ மாட்டார்கள். ஆகவே முதல் பாதிக்கு மட்டும் கட்டுங்கள், பின் பாதிக்கு ஏ.வி.எம்.எல். தட்டு இருக்கிறது.

புளியோதரை தாங்கும். பழைய அரிசியில் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்து உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு விசிறியால் ஆற்றுங்கள். சூடு போகாமல் டப்பாவை மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும், அந்த ஈரத்தில்தான் சோறு நூல் விடும். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரியும் வரை வற்ற வேண்டும். வெங்காயம், தேங்காய் இரண்டும் கூடாது. தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டி, அதன் மேல் ஒரு துணி சுற்றினால் போதும், ஃபாயில் கேட்டு நிற்க வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரு கப், சர்க்கரை இருப்பதால் அதற்கு மேல் வேண்டாம். இதையும் கட்டிய ஆறேழு மணி நேரத்துக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.

இட்லி என்றால் மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்து நாலு புறமும் தடவி வையுங்கள். தனியாகப் பொடி, எண்ணெய் என்று கொண்டுபோனால் சோதனையில் கேள்வி வரும். சட்னி வேண்டாம், தேங்காய் அரைத்தது நாலு மணி நேரத்தில் மாறிவிடும்.

பயணத்துக்கு முந்தின நாளே சுண்டல், முட்டைக்கோஸ், உளுந்து வடை, சோடா எல்லாம் தவிர்க்கலாம். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப் போல. ஊட்டி உயரத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இருக்கிற வாயு கால் பங்குக்கு மேல் விரியும். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு 14 மணி நேரம் உட்காருகிறவருக்கு அது பெரும் அவஸ்தை.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. தயிர்சாதம்? அம்மாவுக்கு அது இல்லாமல் ஆகாது.

சமையல்காரர்:
தயிர், ஊறுகாய், நெய், தொக்கு எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேல் போனால் தொட்டிக்குத்தான் போகும். குழைந்த தயிர்சாதத்தை ஒருவர் விடுவார், இன்னொருவர் தடுப்பார், துபாயில் மறுபடி சோதனை வேறு. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

மருந்தாளுநர்:
இன்சுலின் எந்தக் காரணம் கொண்டும் பெட்டியில் போகக்கூடாது. சரக்கறையில் உறையும் ஆபத்து உண்டு, உறைந்த இன்சுலினை உருக்கினாலும் வேலைக்கு ஆகாது. பேனா, ஊசிகள், சோதனைக் கருவி, மருந்துச்சீட்டு, டாக்டர் கடிதம் எல்லாம் கைப்பையில். மாத்திரைகள் அட்டையோடு இருக்கட்டும், டப்பாவில் கொட்டிக் கலக்க வேண்டாம்.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது க்ளிமிபிரைடு. கடிகாரம் பார்த்துப் போட்டுவிட்டு, தட்டு வர இரண்டு மணி நேரம் ஆனால் சர்க்கரை இறங்கிவிடும். தட்டு கண்முன் வந்த பிறகே மாத்திரை. படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் அல்லது 150 மில்லி பழச்சாறு. 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. அதனால் சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும், தலைக்கு மேல் உள்ள அறையில் இருந்தால் பயனில்லை.

டொராண்டோ இந்தியாவை விடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால். அந்தப் பயண நாள் அம்மாவுக்கு முப்பத்துநாலரை மணி நேரம் வரை நீளும். இரவு ஊசியை எந்த மணிக்கு, எத்தனை யூனிட் போடுவது என்பதைக் கிளம்பும் முன் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ‘அங்கே இரவாகும்போது போட்டுக்கொள்ளலாம்’ என்று நாமே முடிவு செய்வதில்தான் கோளாறு வருகிறது.

கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது இன்னொரு விஷயம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் வாய்ப்புக் கூடும். நடைவழி இருக்கை கேளுங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும், மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வரும் அழுத்தக் காலுறை நல்லதுதான், ஆனால் சர்க்கரையால் கால் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. தண்ணீர் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. கழிப்பறைக்குப் பயந்து நம் அம்மாக்கள் குடிக்காமலே வருவார்கள், விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதமோ 20 சதவீதத்துக்கும் கீழே.

கடைசியாக, கசகசா. அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் தடை. குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் எந்தப் பையிலும் வேண்டாம். கோடீன், ட்ரமடால் உள்ள வலி மாத்திரைக்கும் அங்கே முன் அனுமதி தேவை.

டிக்கெட் விவரம் தெரிந்தவர்:
இறங்கும் இடம் பற்றி யாரும் சொல்லவில்லை. மிச்சமான பழம், கறிவேப்பிலை, விமானத்தில் கொடுத்த ஆப்பிள் உட்பட எதையும் பையில் மறந்து வைக்கக்கூடாது. கனடாவில் உணவுப்பொருளை அறிவிக்காமல் விட்டால் 1,300 டாலர் வரை அபராதம் போடலாம். அறிவித்தால் பெரும்பாலும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ‘உணவு இருக்கிறதா’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று அழுத்தும்படி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊறுகாய்க்கும் பருப்புப்பொடிக்கும்கூட ‘ஆம்’தான்.