எஸ்விஜி எழுத்துக்குப் பின்னால் பெட்டி பொருந்தவில்லை, உதவி தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். கோட்டையில் இருந்து தெஹிவளை வரைக்குமான கரையோர ரயில் நிலையங்களை ஜாவாஸ்கிரிப்டால் எஸ்விஜி படமாக (கோடு, வட்டம், எழுத்து என்று வடிவங்களாகவே எழுதப்படும் வலைப்படம்) வரைகிறேன். அம்மம்மா தன் போனில் தமிழிலேயே வாசிக்க வேண்டும், அதுதான் என் ஆசை.

முதலில், பக்கத்தில் புது உறுப்பு உருவாக்கும் கிரியேட்எலிமென்ட் கட்டளையைப் போட்டு வட்டங்களை உருவாக்கினேன். பிரவுசரின் இன்ஸ்பெக்டரில் (பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் கருவி) இருந்தன, திரையில் ஒன்றுமே இல்லை. இரண்டு இரவு போனது. எஸ்விஜிக்குத் தனி நேம்ஸ்பேஸ் (உறுப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம்) இருப்பதால், அதையும் சேர்த்துச் சொல்லும் கிரியேட்எலிமென்ட்என்எஸ் வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. சரி, வட்டங்கள் வந்துவிட்டன.

இப்போது நிலையப் பெயர்கள்தான் பிரச்சினை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெள்ளைப் பெட்டி வைக்க, ஓர் உறுப்பு பிடிக்கும் இடத்தின் அளவைத் தரும் கெட்பிபாக்ஸ் கொண்டு அகலத்தை அளக்கிறேன். எழுத்தை வலைப்பக்கத்தில் சேர்ப்பதற்கு முன் அளந்தால் பூச்சியம் வருகிறது. சேர்த்த பின் அளந்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் வெப்ஃபான்ட் (இணையத்தில் இருந்து இறங்கும் எழுத்துரு) இறங்கி முடிந்ததும் எழுத்து அகன்று, ‘பம்பலப்பிட்டி’ பெட்டியைத் தாண்டிப் போய்விடுகிறது. ‘கோட்டை’ போன்ற சின்னப் பெயர்கள் மட்டும் தப்புகின்றன.

எழுத்துருக்கள் இறங்கி முடிந்ததை அறிவிக்கும் டொக்யுமென்ட்.ஃபான்ட்ஸ்.ரெடி வரும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் வரைவதா? அல்லது முதலில் வரைந்துவிட்டு, பெட்டிகளை மட்டும் அப்புறம் திருத்துவதா? மெதுவான இணைப்பில் எது நல்லது? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.