மறு: விண்டேஜ் போஸ்டருக்குத் தமிழ் என்ன?

வணக்கம் அக்கா, குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்து ஹட்டன் கண்காட்சியில் வைக்கப்போகும் தேயிலை, கோப்பி விளம்பரங்களுக்குக் குறிப்பு எழுத 'விண்டேஜ் போஸ்டர்' என்பதற்கு ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்தவை தொல்சுவரொட்டி, பழஞ்சுவரொட்டி, மரபுச் சுவரொட்டி. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை.

தொல் என்றதும் அநுராதபுரத்துப் பானை ஓடுதான் கண்ணில் வருகிறது. நூறு வருஷத்துக் கடதாசிக்கு அது தாங்காது. பழஞ்சுவரொட்டியோ பழஞ்சோறு மாதிரி, மழையில் ஊறி பஸ் ஸ்டாண்ட் மதிலில் உரிந்து தொங்கும் தேர்தல் நோட்டீசைச் சொல்வதுபோல இருக்கிறது. மரபு பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் கொஞ்சம் கோபமே இருக்கிறது.

சொல் எதைப் பிரித்துக் காட்டவேண்டும் என்று முதலில் பார்ப்போம். சுற்றுலாக்காரர் வரும் கடைகளில் பழுப்பு நிறம் ஏற்றிய 'சிலோன் டீ' படங்கள் விற்கிறார்களே, அவையும் பார்வைக்குப் பழையவைதான். ஆனால் அச்சானது நேற்று. விண்டேஜ் என்றால் அந்தப் படம் நிஜமாகவே சரக்கு விற்கப் பயன்பட்ட காலத்தில் அச்சானதாக இருக்கவேண்டும். வயதைவிட, எந்தக் காலத்துக்குச் சொந்தம் என்பதே கேள்வி. இதற்கு நம் சனங்களிடம் வழக்கு இருக்கிறது: 'வெள்ளைக்காரன் காலத்துப் பாலம்', 'துரைமார் காலத்து பங்களா'. அந்தக் 'காலத்து' என்பதையே எடுத்துக்கொண்டு 'அக்காலச் சுவரொட்டி' என்று வைக்கலாம் என்பது என் யோசனை. பழைய படத்தையே இப்போது அச்சிட்டால் மறு அச்சு. புதிதாக வரைந்து பழசுபோலக் காட்டினால் அக்காலப் பாணி. மூன்றும் மூன்று சாமான், மூன்று பெயர்.

'கோப்பிக்காலச் சுவரொட்டி' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மலையகத்தில் அது ஆளைக் குழப்பிவிடும். நமக்குக் கோப்பிக்காலம் என்றால் தேயிலைக்கு முந்திய காலம். ஸ்கொட்லாந்துத் துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தெரிந்தது, 1880களில் கோப்பி படுத்துவிட்டது. ஐரோப்பாவில் வண்ணச் சுவரொட்டி உச்சத்துக்கு வந்தது 1890களில். பாரிஸ் ஓவியர் ஸ்டைன்லென் தேயிலைக்கும் சொக்லேட்டுக்குமாகச் சிறுமியையும் பூனையையும் வரைந்தது 1895. ஓடும் ரயிலிலிருந்து ஒருவன் எட்டிக் கோப்பி பிடிக்கும் ஓவியர் கப்பியெல்லோவின் 'விக்டோரியா ஆர்துயினோ' (இத்தாலியக் கோப்பி இயந்திரக் கம்பனி) சுவரொட்டி 1922. அதாவது பேர்போன கோப்பிச் சுவரொட்டிகள் வந்தபோது நம் மலையில் கோப்பிக்காலம் முடிந்தேவிட்டது. குறிப்பில் அந்தச் சொல் வேண்டாம்.

அச்சுமுறைக்கும் சொல் தேவை. லித்தோகிராபிக்குக் 'கல்லச்சு' ஏற்கெனவே இருக்கிறது, நல்ல சொல். சுண்ணக்கல்லில் எண்ணெய்ப்பசை மையால் வரைவார்கள். ஈரக்கல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல், ஒரே தாளை அத்தனை தடவையும் பிசகாமல் பொருத்தி அச்சிடவேண்டும். ஆகவே குரோமோலித்தோகிராபிக்குப் 'பல்நிறக் கல்லச்சு' போதும். இதில் ஒரு வசதியும் உண்டு அக்கா. கண்காட்சிக்கு வருபவரிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுங்கள். கல்லச்சில் நிறம் சோக்கட்டித் தீற்றல்போல ஒழுங்கில்லாமல் இருக்கும். இப்போதைய அச்சில் வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரியும். மறு அச்சைப் பிடிக்க இதைவிட லேசான வழி இல்லை.

இனி மரபு. தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் இங்கே வந்து ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை முதலான தோட்டங்களை வாங்கினார். 'தோட்டத்திலிருந்து நேரே கேத்தலுக்கு' என்பது அவர் விளம்பர வாசகம். அந்த விளம்பரங்களில் சேலை கட்டிய நம் பெண் கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்பாள். அவள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குடித்தது பாலில்லாத வெறுந்தேத்தண்ணி. கூலி, பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), அட்டைக்கடி எதுவும் படத்துக்குள் வராது. வாங்குகிறவர் சீமையில் இருந்தார், படமும் அவருக்காகவே வரையப்பட்டது. அதற்கு மரபு என்று பட்டம் கட்டினால் கம்பனியின் கண்ணால் நாமே நம்மைப் பார்த்ததாகிவிடும். 'அக்கால' என்ற சொல் காலத்தைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது, பாராட்டுவதில்லை. எனக்கு அது பிடித்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சுவரொட்டியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களிடம் உள்ளவற்றில் பாதி தகர போர்ட் என்று எழுதியிருந்தீர்கள். அது ஒட்டுவதல்ல, ஆணியடித்து மாட்டுவது. இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசிச் சூளையில் உருக்குவதால்தான் அதன் நிறம் வெயிலிலும் மழையிலும் போவதில்லை. பல்லின் எனாமலை மிளிரி என்று பாடத்தில் படித்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள், அதையே இங்கே கொண்டுவந்து 'மிளிரித் தகடு' எனலாமா? தனித்தமிழ் அன்பர்களுக்கு இனிக்கும். நான் மட்டும் அடைப்புக்குறிக்குள் தகர போர்ட் என்றும் போடுவேன், கடைக்கார ஐயாமாருக்கும் புரியவேண்டுமே.

ஹாட் டிரிங்ஸ் என்பதற்குத் தமிழ்நாட்டு நண்பர் வெம்பானம் என்றார். நாம் சுடுதண்ணி என்று சொல்லும் ஆட்கள், அதனால் சுடுபானம். கொக்கோ, போவ்ரில் (மாட்டிறைச்சிச் சாற்றுப் பானம்) எல்லாம் அதில் அடங்கும். ஹாட் டிரிங்ஸ் என்றால் அவருடைய ஊரில் சாராயமாம், அதனால் ஆங்கிலத்தை அப்படியே விடவும் முடியாது. கோப்பியைக் காப்பி ஆக்கச் சொன்னதை மட்டும் ஏற்கமாட்டேன்.

குறிப்பு இப்படி வரலாம்: 'அக்காலச் சுவரொட்டி, பல்நிறக் கல்லச்சு, 1895, பிரான்ஸ்.' தகட்டுக்கு: 'மிளிரித் தகடு (தகர போர்ட்), சுடுபான விளம்பரம்.' ஆங்கிலேய ஓவியர் மக்டொனால்ட் கில் 1940இல் தேயிலைக்காக வரைந்த பெரிய உலகப்படம் உங்களிடம் இருப்பது மறு அச்சு என்றீர்கள். அதில் 'மறு அச்சு' என்பதை ஆண்டுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் போட்டால் யாரும் வாசிக்கமாட்டார்கள்.

மிளிரித் தகட்டுக்கு எதிர்ப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், அக்கா அட்டைகளை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.