புதுப்பிப்பு: பாமினியிலிருந்து யூனிகோடு, அலுவலகத்துக்கு வெளியே

பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகளை யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறை) மாற்றும் நிரலை மாலை வேளைகளில் எழுத நினைக்கிறேன், வேலை பார்க்கும் நிறுவனம் அதற்கு உரிமை கொண்டாடுமா என்று கேட்டிருந்தேன். ‘சொல்லாமல் செய்’ என்றவர்களே அதிகம். நான் நிறுவனத்திடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின் போக்கில் செய்த படைப்புக்கு முதலாளிதான் முதல் உரிமையாளர். பணியின் போக்கு எதுவரை என்பதில்தானே வழக்கே வரும்! மனிதவளப் பிரிவு எழுத்திலேயே சம்மதம் தந்துவிட்டது. அலுவலக மடிக்கணினியைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை, நியாயம்தான்.

இனி நிரல். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்து முன், கொம்பு பின். (திரையில் மட்டும் கொம்பு முன்னால் தெரியும்.) இடம் மாற்றுவது எளிது. வம்பெல்லாம் ஔகாரத்தில்: ‘மௌனம்’ என்பதில் வரும் வால், பாமினியில் சாட்சாத் ளகரமேதான். அதனால் நிரலின் முதல் வடிவம் ‘வெள்ளம்’, ‘வெளியீடு’ எல்லாவற்றிலும் ஔகாரத்தைத் திணித்தது. இப்போது ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அதைத் தொடுவதில்லை. கொம்பு வந்த எழுத்தை அடுத்து வெறும் ளகரமாக நின்றால் பெரும்பாலும் ஔகாரம்தான்: கௌரவம், பௌர்ணமி. விதிவிலக்குகளுக்குச் சிறு சொற்பட்டியல் வைத்திருக்கிறேன்.

அடுத்து, தெரிந்த அச்சகம் ஒன்றின் பழைய விழா மலர்களில் ஓட்டிப் பார்க்கப்போகிறேன். அதன் பிறகு மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிடுகிறேன்.