லினக்ஸில் 4ஜி டாங்கிள் சும்மா இருந்தால் துண்டித்துக்கொள்கிறது, உதவுங்கள்

பெரம்பூர்வாசி:
வணக்கம். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மிண்ட் போட்டு, 4ஜி யுஎஸ்பி டாங்கிள் வைத்து நெட் பயன்படுத்துகிறோம். தரைத்தளம் என்பதால் சிக்னல் குறைவு. எக்ஸ்டென்ஷன் கேபிளில் இழுத்து, ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறேன். தங்கை வங்கித் தேர்வுக்கு ஆன்லைனில் மாதிரித் தேர்வு எழுதுகிறாள். ஒரு கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் நெட் இல்லை. நேற்று 62வது கேள்வியில் அப்படியே வெளியே தள்ளிவிட்டது; அழுதுவிட்டாள். ஆனால் வீடியோ ஓடும்போது ஒருமுறைகூட அறுந்ததில்லை. லினக்ஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் டிமெசெக் கட்டளையில் "யுஎஸ்பி டிஸ்கனெக்ட், டிவைஸ் நம்பர் 7" என்று வருகிறது. அடுத்த முறை 9, அப்புறம் 11.

வேளச்சேரி:
முதலில் அந்தக் கேபிளைக் கழற்றுங்கள். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். சிக்னல் குறைவான இடத்தில் டாங்கிள் அதிகமாகக் கரண்ட் இழுக்கும், மெல்லிய கேபிளில் மின்னழுத்தமும் இறங்கும். கேபிள் வேண்டுமென்றால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் தனி அடாப்டரோடு வரும் யுஎஸ்பி ஹப் வாங்கிப் போடுங்கள்.

பெரம்பூர்வாசி:
நேராகச் செருகிப் பார்த்துவிட்டேன் சார். அதே கதைதான்.

தாம்பரம்:
கரண்ட் குறைவு என்றால் வீடியோ ஓடும்போதுதான் முதலில் விழும். உங்களுக்கு நேர்மாறாக, சும்மா இருக்கும்போது விழுகிறது. இது ஆட்டோசஸ்பெண்ட், அதாவது சும்மா இருக்கும் சாதனத்தைத் தானாகத் தூங்க வைக்கும் வசதி. சிஸ் அடைவில் பஸ், யுஎஸ்பி, டிவைசஸ் என்று உள்ளே போனால், டிமெசெக் காட்டும் போர்ட் எண்ணிலேயே ஓர் அடைவு இருக்கும். அதில் பவர், அதற்குள் கண்ட்ரோல் என்ற கோப்பு. "ஆட்டோ" என்று இருந்தால், வேலை இல்லாதபோது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்தச் சாதனத்தைத் தூங்க வைக்கும். வழக்கமான காத்திருப்பு 2000 மில்லி செகண்ட், அதாவது 2 நொடி. சில டாங்கிள்களின் உள்மென்பொருள் (ஃபர்ம்வேர்) தூங்கினால் ஒழுங்காக எழுவதில்லை. நிர்வாகி (ரூட்) உரிமையோடு அந்தக் கோப்பில் "ஆன்" என்று எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. ஹப் தவிர மற்றவற்றுக்குக் கெர்னல் பொதுவாகத் தானாக இதைப் போடாது. பேட்டரி மிச்சம் பிடிக்க டிஎல்பி போன்ற மென்பொருள் ஏதாவது நிறுவினீர்களா?

பெரம்பூர்வாசி:
ஆமாம், போன மாதம் டிஎல்பி போட்டேன்! பிரச்சினை தொடங்கியதும் அப்போதுதான், இதுவரை இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. "ஆட்டோ" என்றுதான் இருந்தது. "ஆன்" என்று மாற்றினேன், அரை மணி நேரம் அசையவில்லை. ஆனால் கழற்றிச் செருகினால் மறுபடி "ஆட்டோ". டிஎல்பியின் விலக்குப் பட்டியலான டெனைலிஸ்டில் டாங்கிளின் அடையாள எண்ணைச் சேர்த்தும் பயனில்லை.

தாம்பரம்:
அந்த எண்ணை எப்போது குறித்தீர்கள்? செருகிய உடனே, யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை அடித்தா? டிவைஸ் நம்பர் 7, 9, 11 என்று இரண்டிரண்டாக ஏறியதற்கும் காரணம் இதுதான். இந்த டாங்கிள்கள் முதலில் டிரைவர் வைத்திருக்கும் சிடி போல வந்து நிற்கும்; யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் அதை மோடமாக மாற்றும்போது புதிதாகச் செருகியது போல மறுபடி பதிவாகும். அப்போது அடையாள எண்ணின் பின்பாதியும் மாறிவிடும். நீங்கள் விலக்கு கொடுத்தது சிடிக்கு, மோடத்துக்கு இல்லை.

நெட் கிடைத்த பிறகு எல்எஸ்யுஎஸ்பி அடித்து, வரும் எண்ணை டிஎல்பி கான்ஃப் கோப்பில் யுஎஸ்பி டெனைலிஸ்ட் வரியில் போடுங்கள். முன்னால் உள்ள ஹேஷ் (#) குறியை எடுக்க மறக்காதீர்கள். பழைய பதிப்பில் அந்த வரியின் பெயர் பிளாக்லிஸ்ட். அப்புறம் சூடோ டிஎல்பி ஸ்டார்ட் என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு, கழற்றிச் செருகுங்கள். டிஎல்பியையே நீக்க வேண்டாம், பழைய லேப்டாப்புக்கு அது தேவை.

பெரம்பூர்வாசி:
சரியாகச் சொன்னீர்கள், பின்பாதி வேறாகத்தான் இருந்தது. மாற்றிவிட்டேன். இரண்டு முறை கழற்றிச் செருகினேன், ரீபூட்டும் செய்தேன், "ஆன்" என்றே நிற்கிறது. டாங்கிளை மறுபடி ஜன்னலில் கட்டியாயிற்று. தங்கை இன்று மாலை 100 கேள்விகளையும் முடித்துவிட்டு எழுந்தாள். வேளச்சேரி சார், ஹப் பற்றிச் சொன்னதும் மனதில் இருக்கிறது, சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.