கொழும்புத்துறைப் பரவைக்கடலில் தூண்டில் போட: கயாக்கா, சிறு வள்ளமா?

கேள்வி: கொழும்புத்துறையான்

வணக்கம். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தின் ஓரத்தில் நின்று தூண்டில் போட்டே பல வருடங்களைக் கழித்தவன் நான். கை எறியும் தூரத்துக்குச் சற்று அப்பால்தான் எல்லா மீனும் நிற்கிறது என்ற எண்ணம் வயதோடு வளர்ந்து வருவதால், இந்த வருடம் எனக்கென ஒரு சிறிய கலத்தை வாங்கிவிடத் தீர்மானித்திருக்கிறேன். தொழிலுக்காக அல்ல. சனி, ஞாயிறு காலையில் எங்கள் கரையிலிருந்து மண்டைதீவுப் பக்கமாகச் சென்று, ஓராவோ மணலையோ பாரைக் குஞ்சோ, வீட்டுக் கறிக்குப் போதுமானதைப் பிடித்துக்கொண்டு பத்து மணிக்குள் திரும்ப வேண்டும். எப்போதாவது காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கும் கொண்டுபோக ஆசை.

இரண்டு கலங்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று, ஒரு விடுதிக்காரர் விற்கும் 10 அடிப் பிளாஸ்டிக் கயாக். மேலே அமர்ந்து செல்லும் வகை. 120 கிலோ தாங்கும் என்று அதில் ஒட்டப்பட்டிருக்கிறது. மற்றையது, இயந்திரம் இல்லாத 14 அடிப் பைபர் வள்ளம். விலை கயாக்கைவிட அதிகமில்லை, ஆனால் இயந்திரம் தனியாக வாங்க வேண்டும். என் நிறை 82 கிலோ, நீந்தத் தெரியும், தண்டு (துடுப்பு) வலித்துப் பழக்கமில்லை. பெரும்பாலும் தனியாகவே போவேன்; சில நாட்களில் 16 வயது மகனும் வரக்கூடும். எதை வாங்குவது?

பதில் 1: பழைய தண்டு

தம்பி, நீர் மீனைப் பற்றியும் விலையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர். காற்றைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. பாசையூரில் நாற்பது வருடம் கடலுக்குப் போனவன் என்ற முறையில் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொழும்புத்துறைக் கரை தெற்கைப் பார்த்திருக்கிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால், அந்தக் காலத்தில் பரவைக்கடலில் (ஆழம் குறைந்த எங்கள் களப்பில்) குறுகிய அலை எழுந்து உடம்பெல்லாம் நனையும். ஆனால் கை சோர்ந்தாலும் தண்டு முறிந்தாலும் அந்தக் காற்று உம்மை எங்கள் கரைப் பக்கமாகவே தள்ளிவிடும். வாடையில் நிலைமை வேறு. வடகிழக்குக் காற்றை ஊரின் மரங்களும் வீடுகளும் மறைப்பதால் கரையோரம் எண்ணெய் வார்த்தது போலக் கிடக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு அரை மைல் போனபின்தான் முதுகில் காற்று இருப்பது தெரியும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். பழக்கமில்லாத ஒருவர் இலேசான பிளாஸ்டிக் கலத்தில் அதை எதிர்த்து வலித்து வருவது எளிதல்ல. தண்டை நிறுத்திய கணமே பூநகரிக்குப் புறப்பட்டதாக வைத்துக்கொள்ளும்.

கசூரினாவில் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். அந்தக் கரை வடக்கைப் பார்த்தது. அங்கே சோளகம்தான் கரையிலிருந்து கடலுக்கு வீசும். அது கொண்டுபோகும் திசையில் பாக்குநீரிணையைத் தவிர வேறொன்றும் இல்லை. வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரைகளுக்கும் இதே கதைதான்; அங்கே வாடையில் அலை பாரில் உடைந்து எழும்புவதைப் பார்த்து எவரும் இறங்கமாட்டார்கள், சோளகத்தில் கடல் படுத்துக் கிடப்பதைப் பார்த்துத்தான் ஏமாறுவார்கள். ஆகையால் எந்தக் கலத்தை வாங்கினாலும், போகும்போது காற்றை எதிர்த்துப் போய், வரும்போது காற்றோடு வரும் இடத்தைத் தெரிந்தெடும்.

இன்னொன்று: களங்கண்ணி, சிறகுவலை போன்ற நிலைவலைகளைக் கட்ட நட்ட தடிகளும் இப்போது கடலட்டைப் பண்ணை வேலிகளும் பரவைக்கடலில் நிறைய நிற்கின்றன. விடியுமுன் விளக்கில்லாமல் போனால் நெஞ்சில்தான் இடிக்கும். தடியில் கயிற்றைக் கட்டி நின்று தூண்டில் போடலாம் என்று நினைக்க வேண்டாம். அது ஒருவருடைய பாடு, அவர் தொழில் செய்யும் இடம். நல்ல மீன் அங்கேதான் நிற்கும் என்பது உண்மைதான். அதனால்தான் அவர் அங்கே தடி நட்டார்.

பதில் 2: சாதாளை

ஐயாவின் கருத்தை ஏற்றுக்கொண்டே, கயாக்கின் பக்கம் நின்று எழுதுகிறேன். நான்கு வருடங்களாக அரியாலைக் கரையில் 12 அடிக் கயாக் ஒன்றைப் பயன்படுத்துகிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட 10 அடிக் கயாக் உங்களுக்குச் சிறிது. 120 கிலோ என்பது அது மூழ்காமல் தாங்கும் எல்லை. வசதியாக ஓட வேண்டுமானால் அதில் 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமலிருப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் 84 கிலோதான் வருகிறது. உங்கள் உடம்பை ஏற்றியதும் மிச்சம் 2 கிலோ. ஐஸ்பெட்டி, தண்ணீர், தூண்டில், நங்கூரம் எல்லாம் சேர்ந்தால் 15 கிலோவைத் தாண்டும். அப்போது அடியிலுள்ள வடிகால் துளைகளால் தண்ணீர் மேலேறி, காலை முழுவதும் ஈரத்தில் இருப்பீர்கள். விடுதிக் கயாக்குகள் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பது எவரும் கவிழாமல் விளையாடுவதற்காக. நேராக ஓடுவதற்காக அல்ல. 12 அடி நீளமும் ஏறத்தாழ 30 அங்குல அகலமும் 160 கிலோவுக்குக் குறையாத கொள்ளளவும் உள்ளதைத் தேடுங்கள். அதன் நிறை 30 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். சிறிய தள்ளுவண்டியில் தனியாளாகக் கரைக்குக் கொண்டுபோகலாம்.

காலால் மிதித்து ஓட்டும் வகையையும் பலர் புகழ்வார்கள். கை தூண்டிலுக்கு விடுதலையாகிறது என்பது பெரிய வசதிதான். ஆனால் அதன் துடுப்பு அல்லது விசிறி கலத்துக்குக் கீழே ஓரடிக்கு மேல் இறங்கும். முழங்கால் அளவு தண்ணீரும் அடர்ந்த சாதாளையும் (கடற்புல்லும்) உள்ள எங்கள் கடலில், மிதிப்பதைவிட இலையைப் பிடுங்கி எறிவதிலேயே பொழுது போகும். சாதாரணத் துடுப்பே போதும். அதைக் கலத்தோடு ஒரு கயிற்றால் கட்டிவையுங்கள்.

நங்கூரத்தை ஒருபோதும் கலத்தின் பக்கவாட்டில் கட்டாதீர்கள். பண்ணைப் பாலத்தின் கண்களினூடாகத் தண்ணீர் எவ்வளவு விசையாக ஓடும் என்பது அங்கே நின்ற உங்களுக்குத் தெரியும். என் முதல் வருடத்தில், அப்படியான ஓட்டத்தில் பக்கவாட்டில் கயிற்றைக் கட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தேன். கயிறு இறுகியதும் ஒரு பக்கம் தாழ்ந்தது, தண்ணீர் ஏறியது, அடுத்த நொடி நான் கீழே. தூண்டிலும் தொலைபேசியும் போயின. சோற்றுப் பொதி மட்டும் மிதந்தது. தண்ணீர் நெஞ்சளவுதான், ஆனால் கால் சேற்றில் புதைந்ததால் எழுந்து நிற்க முடியவில்லை. உயிர்காப்பு அங்கி அணிந்திருந்ததால் மல்லாந்து மிதந்து, கலத்தைப் பிடித்து, வயிற்றால் தாவி ஏறினேன். இந்தத் தாவி ஏறுதலைக் கரையோரத்தில் பத்துத் தடவையாவது பழகிய பின்பே தூரம் போங்கள். கயிற்றை அறுக்கக்கூடிய ஒரு கத்தி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பதில் 3: பைபர்ப் பட்டறை

நான் வள்ளங்களைத் திருத்துபவன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

பைபர் உடைந்தால் கண்ணாடியிழைப் பாயும் பிசினும் வைத்து எந்தப் பட்டறையிலும் ஒட்டலாம். கயாக்கின் பொலித்தீன் பிளாஸ்டிக்கில் அந்தப் பிசின் பிடிக்காது. அதை உருக்கித்தான் ஒட்ட வேண்டும், அதுவும் சூரியனில் வருடக்கணக்காகக் கிடந்து நொறுங்கத் தொடங்கியிருந்தால் பயனில்லை. எனவே விடுதிக் கயாக்கை வெயிலில் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள்.

14 அடி வள்ளத்தைப் பார்க்கப் போகும்போது விரல் கணுவால் எல்லா இடமும் தட்டிப் பாருங்கள். ஓசை கணீரென்று வர வேண்டும். பொத்தென்று வந்தால் அந்த இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. இயந்திரம் பூட்டும் பின்பலகைக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகையே இருக்கும்; ஆணித் துளைகளால் தண்ணீர் புகுந்து உள்ளே உக்கியிருந்தாலும் வெளியே பூச்சு பளபளக்கும். பலகையின் மேல்விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டுங்கள். மூலைகளில் மயிரளவு வெடிப்பு அசைந்தால் விலையைப் பேசவே வேண்டாம். ஏராவில் (அடிமரத்தில்) கரையோடு இழுத்துத் தேய்ந்த இடத்தையும், இருக்கைப் பலகைகளின் கீழே மிதவை நுரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நுரையில்லாத வள்ளம் தண்ணீர் நிறைந்தால் இயந்திரத்தின் பாரத்தோடு அமிழ்ந்துவிடும்.

இயந்திரம் என்றால் உங்களுக்கு 8 அல்லது 9.9 குதிரைவலு தாராளம். பின்பலகையின் உயரத்தை அளந்த பிறகே வாங்குங்கள்: இயந்திரத்தின் கீழே இறங்கும் தண்டில், குட்டைத் தண்டு 15 அங்குலப் பலகைக்கும் நீளத் தண்டு 20 அங்குலப் பலகைக்கும் உரியவை. குட்டைப் பலகையில் நீளத் தண்டைப் பூட்டினால் விசிறி சேற்றை உழும். குளிர்விக்கும் நீர்த் துவாரத்தில் சாதாளை அடைத்து இயந்திரம் சூடேறும். ஆழம் குறைந்த இடத்தில் இயந்திரத்தைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றித் தாங்கிப் போவதே எங்கள் வழக்கம்.

பதிவு விடயத்தை மறக்க வேண்டாம். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். வள்ளத்தின் பழைய பதிவு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்த்து, உரிமை மாற்றத்தையும் செய்துகொள்ளுங்கள். கயாக்கில் தூண்டில் போடுவதற்கு என்ன தேவை என்பதைக் கடற்றொழில் பரிசோதகரிடமே கேட்டுவிடுவது நல்லது. உங்கள் துறையின் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் ஒரு சொல் சொல்லிவையுங்கள். நீங்கள் திரும்பாத நாளில் முதலில் தேடி வரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

பதில் 4: கொழும்புத்துறையான்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை வற்று நேரத்தில் கரைக்குச் சென்று, வள்ளம் மிதக்கக்கூடிய ஆழம்வரை சேற்றில் நடந்து எண்ணினேன்: 140 எட்டுகள் வைத்தேன், இரண்டு தடவை செருப்பை இழந்தேன். 14 அடி வள்ளத்தையும் இயந்திரத்தையும் அந்தத் தூரம் நான் தனியாக இழுக்க முடியாது. ஆகவே வள்ளத்தை விட்டுவிட்டேன். விடுதிக் கயாக்கின் மேற்பகுதி ஏற்கனவே வெளிறி, நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது, அதையும் விட்டுவிட்டேன். 12 அடிக் கயாக் ஒன்று கிடைக்கும்வரை காத்திருக்கிறேன். மகனும் வருவதென்றால் இருவர் அமரும் கயாக்கை வாங்கலாமா என்பதுதான் மிச்சமுள்ள குழப்பம்.

பதில் 5: பழைய தண்டு

இருவர் கயாக் நீளமும் பாரமும் கூடியது. தனியாகப் போகும் நாட்களில் முன்பக்கம் நிமிர்ந்து காற்றைப் பிடிக்கும். ஒருவர் கயாக்கையே வாங்கும். மகன் வர விரும்பும் நாளில் இருவரும் பாசையூருக்கு வாருங்கள், என்னுடைய வள்ளம் சும்மாதான் கட்டிக் கிடக்கிறது. தண்டு வலிக்க அவனுக்கு நான் காட்டிக்கொடுக்கிறேன், உமக்கும்தான்.