டை ராட் எண்ட் நக்கிளை விட்டு வரவே இல்லை (பழைய ஆல்டோ, கடலூர்)

தேவனாம்பட்டினம்காரன்:
வீடு கடலுக்குப் பக்கம். வண்டி வாசலிலேயே நிற்பதால் அடியில் எல்லா நட்டும் துரு ஏறிக் கிடக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் முன் இடது பக்கம் டக் டக் என்று சத்தம். டயரை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் மூட்டு) ஆடுவது கண்ணுக்கே தெரிகிறது. புதுசு வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி), நட்டு இரண்டையும் எடுத்தாயிற்று. எண்ட் மட்டும் நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) விட்டு வரவில்லை. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன், எண்டின் ஸ்டட் (நட்டு ஏறும் மரைத் தண்டு) நுனியில் சுத்தியலால் தட்டியும் பார்த்தேன். பட்டறைக்குப் போகாமல் முடிக்க வழி உண்டா?

பட்டறை அண்ணன்:
தம்பி, நுனியில் தட்டுவதை முதலில் நிறுத்துங்கள். நுனி நசுங்கி அகலமானால் ஓட்டை வழியாக வெளியே வராது.

துரு மட்டும் அதைப் பிடித்து வைத்திருக்கவில்லை. ஸ்டட் கூம்பு வடிவம். நட்டை முறுக்க முறுக்க நக்கிள் ஓட்டைக்குள் ஏறி, மண்வெட்டிக் காம்பு மாதிரி இறுகிவிடும். ஸ்பிரே அந்த இடுக்குக்குள் போவதே அபூர்வம். அங்கே அதிர்வுதான் வேலை செய்யும்.

நட்டைச் சில மரை மட்டும் திரும்ப ஏற்றுங்கள். எண்ட் சட்டென்று விடுபட்டாலும் துள்ளி முகத்துக்கு வராது. அப்புறம் ஸ்டட் நுழைகிற நக்கிள் கண்ணின் பக்கவாட்டில் அடியுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு கனமான சுத்தியலை அணை கொடுத்து, இந்தப் பக்கம் ஓங்கி ஒரே அடி. லொட்டு லொட்டென்று தட்டினால் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எண்டை ஒரு கம்பியால் நெம்பிப் பிடித்துக்கொண்டு அடித்தால் இன்னும் சுலபம். இது இரும்பு நக்கிளுக்குச் சொல்வது. அலுமினிய நக்கிள் உள்ள வண்டியில் சுத்தியலே வேண்டாம், புல்லர் (திருகி அழுத்தி எண்டை வெளியே தள்ளும் கருவி) போதும்.

ஒன்று கேட்க மறந்தேன். வண்டி ஜாக்கியில் மட்டுமா நிற்கிறது? ஸ்டாண்டு போடாமல் ஒரு அடிகூட அடிக்காதீர்கள்.

புதுவை டிரைவர்:
கேஸ் டார்ச்சால் சூடு காட்டினால் உடனே வரும். இல்லையென்றால் நட்டைத் தளர்த்திவிட்டுத் தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டுங்கள், தானாகக் கழன்றுவிடும்.

பட்டறை அண்ணன்:
இரண்டாவது யோசனையை யாரும் செய்து பார்க்க வேண்டாம் சார். எண்ட் விழுந்தால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. சூடும் வீட்டு வாசலில் தேவையில்லை. உள்ளே கிரீஸ், பக்கத்திலேயே ரப்பர் பூட் (மூட்டை மூடும் உறை), பிரேக் ஹோஸ்.

முதுநகர் ரவுண்டு:
என்னிடம் புல்லர் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். புல்லரை நன்றாக இறுக்கிவிட்டு, அதே இறுக்கத்தில் நக்கிள் கண்ணில் ஒரு அடி கொடுத்தால் போதும். கவட்டை மாதிரி இருக்கிற ஃபோர்க்கும் சில கடைகளில் கிடைக்கும், ஆனால் அது ரப்பர் பூட்டைக் கிழித்துவிடும். எறியப்போகும் எண்டுக்குப் பரவாயில்லை, வண்டியிலேயே இருக்கப்போகும் கீழ் பால் ஜாயிண்ட் (நக்கிளுக்கு அடியில் உள்ள உருண்டை மூட்டு) பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

டை ராட்டில் எண்டைப் பூட்டி வைத்திருக்கும் லாக் நட்டை, எண்ட் நக்கிளில் மாட்டியிருக்கும்போதே கால் சுற்று இளக்கிவிடுங்கள். கழன்ற பிறகு எண்ட் கையோடு சேர்ந்து ஆடும், பிடிமானம் கிடைக்காது. பழைய எண்டைச் சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்து, புதுசையும் அதே அளவு ஏற்றுங்கள்.

தேவனாம்பட்டினம்காரன்:
வந்துவிட்டது அண்ணே! புல்லரை இறுக்கி ஒரு போடு போட்டதும் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். ஸ்டாண்டு போட்டுத்தான் செய்தேன். இப்போது வேறு தொல்லை. புது எண்டின் நட்டை முறுக்கினால் ஸ்டட்டும் சேர்ந்து சுற்றுகிறது.

பட்டறை அண்ணன்:
கூம்பு இன்னும் உட்காரவில்லை. ஓட்டைக்குள் துரு இருந்தால் துடைத்துவிட்டு, எண்டின் தலையை ஓட்டைப் பக்கமாக ஒரு கம்பியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள், பிடித்துக்கொள்ளும். ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சேர்க்க வேண்டும், தளர்த்திச் சேர்க்கக் கூடாது. பின் புதுசாகப் போடுங்கள்.

தேவனாம்பட்டினம்காரன்:
சுற்று எண்ணித்தான் ஏற்றினேன். அப்படியும் அலைன்மெண்ட் (கடையில் சக்கரங்களின் நேரைச் சரிபார்ப்பது) தேவையா?

முதுநகர் ரவுண்டு:
கட்டாயம். எண்ணியது கடை வரைக்கும் ஓட்டிப் போகத்தான். புது எண்டின் நீளம் ஒரு மயிரிழை மாறினாலும் டயர் ஒரு பக்கமாகத் தேயும். லாக் நட்டை இறுக்கிவிட்டு மெதுவாகப் போங்கள். போகிற வழியில் புல்லரையும் கொடுத்துவிடுங்கள்.