எலெக்-டிராக் வண்டிக்கு பிளேடு தேடியவர்கள் வாருங்கள், உங்கள் கதையையும் சொல்லுங்கள்

நியூயார்க் மாநிலம், ஸ்கெனெக்டெடி பக்கத்திலிருந்து:

போன மே மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கக் கிளம்பினார். கராஜ் மூலையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு எலெக்-டிராக் ஈ15 நின்றது. தெரியாதவர்களுக்காக: ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1969-ல் கொண்டுவந்த புல் வெட்டும் மின்சாரத் தோட்ட டிராக்டர் இது. எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் செய்தார்கள். ஆறு வோல்ட் பேட்டரி ஆறு, மொத்தம் 36 வோல்ட். முன் மூடிக்குள் கொஞ்சம், சீட்டுக்கு அடியில் கொஞ்சம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். பேட்டரி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 28 கிலோ. எழுபதுகளின் நடுவிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக் இந்தத் தொழிலை விட்டுவிட்டது. பெட்ரோல் இல்லை, பிளேடைச் சுற்ற பெல்ட் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடாது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் இதை யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

"ஓடுமா?" என்று கேட்டேன். "பேட்டரி போட்டால் ஓடும், பிளேடு போட்டால் வெட்டும்" என்றார். முதல் பாதிக்கு ஒரே வாரம். கோல்ஃப் வண்டி பேட்டரி எங்கும் கிடைக்கிறது. இரண்டாவது பாதிதான் கழுத்தை அறுத்தது.

என் டெக், அதாவது வண்டிக்கு அடியில் பிளேடுகளை மூடி நிற்கும் தட்டு, 42 அங்குல அகலம். சரி, 42 அங்குல டெக் பிளேடு என்று தேடி, விற்பவரிடமும் அப்படியே சொல்லி வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் 21 அங்குலத்தில் இரண்டு பிளேடு. என் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் மூன்று மோட்டார்! மற்ற டிராக்டர்களில் எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் வந்து பிளேடுகளைச் சுற்றும். எலெக்-டிராக்கில் அப்படி இல்லை. ஒவ்வொரு பிளேடுக்கும் தலைக்கு மேலேயே தனி மோட்டார், அதன் தண்டிலேயே ஹப்பும் (பிளேடு உட்காரும் குமிழ்) பிளேடும். 42-ஐ மூன்றால் வகுத்தால் 14. நடுவில் புல் கோடு விடாமல் இருக்க, பிளேடுகள் முன்பின்னாகத் தள்ளி நின்று, அவை வெட்டும் பட்டைகள் ஓரத்தில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்பதால் 14-ஐக் கொஞ்சம் தாண்டும். இதை வாங்கும் முன்னால் கணக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை.

அடுத்த முறை நீளம் சரியாக வந்தது, துளை சரியாக வரவில்லை. இப்போது கடையில் கிடைக்கும் பிளேடுகளில் பாதிக்கு நடுத்துளை நட்சத்திர வடிவில் இருக்கிறது, ஐந்து முனை, ஆறு முனை என்று. எனக்கு வேண்டியது வட்டத் துளை. வட்டத்திலும் எத்தனை அளவு! மூன்றாவது முறைதான் புத்தி வந்து, பழைய பிளேடைக் கழற்றி மேசையில் வைத்து ஒழுங்காக அளந்தேன்.

நீளத்தை நேராக அளக்கக் கூடாது. ஒரு முனையின் வெட்டு மூலையிலிருந்து எதிர் முனையின் வெட்டு மூலைவரை, குறுக்காக. சுழலும்போது வட்டம் போடுவது அந்த மூலைதான். அப்புறம் அகலம், தடிமன், நடுத்துளை (இதற்கு வெர்னியர் எடுங்கள், டேப் பத்தாது). கடைசியாக, பிளேடைச் சமதளத்தில் வைத்தால் பின் இறக்கை (பின் விளிம்பில் மேலே வளைந்த பகுதி) எவ்வளவு மேலே நிற்கிறது, நடுப்பகுதி எவ்வளவு குழிந்திருக்கிறது. இந்த அளவுகளோடு ஓரிகன் மாதிரி பிளேடு விற்கும் கம்பெனிகளின் பட்டியலைத் திறந்தால் நீளத்தையும் துளையையும் வைத்தே தேடலாம். வண்டிப் பெயர் அங்கே இருக்கவே வேண்டாம்.

என் துளை அளவை இங்கே எழுதப் போவதில்லை. ஐம்பது வருடத்தில் இந்த டெக்குகள் எத்தனை கை மாறியிருக்கும்! யார் எந்த ஹப்பை மாற்றினார்களோ. என் அளவை நம்பி நீங்கள் வாங்கி, என்னைத் திட்ட வேண்டாம்.

ஒன்று மறந்துவிட்டேன். டெக்குக்கு அடியில் கை வைப்பதற்கு முன் மெயின் டிஸ்கனெக்டை, அதாவது பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் இணைப்பை, பிடுங்கிவிடுங்கள். பெட்ரோல் வண்டியாவது உறுமி எச்சரிக்கும். இது சத்தமே இல்லாமல் உயிரோடு இருக்கும்.

*

நியூ ஜெர்சியிலிருந்து:

உங்கள் துளைப் பிரச்சினை அப்படியே எனக்கும் வந்தது. என்னுடையது ஈ12, இதே எலெக்-டிராக்கில் இன்னொரு மாடல். நீளம், தடிமன் எல்லாம் பொருந்தி ஒரு பிளேடு கிடைத்தது, துளை மட்டும் ஹப்பின் கழுத்தைவிடப் பெரியது. போல்ட்டை இறுக்கினால் நிற்கத்தான் போகிறது என்று மாட்டப் போனேன். அப்போது கோயம்புத்தூரிலிருந்து மாமனார் வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். அங்கே கணபதி பகுதியில் முப்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவர். இங்கே வந்து டிவி பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தார்.

நான் மாட்டுவதைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "மாப்ள, கொஞ்சம் நில்லுங்க" என்று எழுந்து வந்தார். பிளேடை ஹப்பில் தொங்கவிட்டு விரலால் அசைத்தார். டக்கு டக்கு என்று ஆடியது. "இத்தனூண்டு ஆட்டம் இருந்தா மையம் தள்ளிப் போயிடுமுங்க. நிமிசத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்தறப்ப மோட்டார் பேரிங்கு என்னத்துக்காகும்?"

"அதுக்கு என்ன மாமா பண்றது?"

"புஷ் கடைஞ்சு போடோணும்." துளைக்கும் கழுத்துக்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் வளையம்தான் புஷ்.

எங்கள் ஊரில் மாதச் சந்தா கட்டி உபயோகிக்கும் பொதுப் பட்டறை ஒன்று உண்டு. சின்ன லேத் இருக்கிறது. அழைத்துப் போனேன். சந்தோஷத்தை மனிதர் முகத்தில் பார்க்க வேண்டுமே! நான் பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். "பித்தளை பூஜை ரூமுக்குங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு இரும்பைப் பிடித்தார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அவர் சொல்லித்தான் தெரியும். புஷ்ஷின் வெளிவட்டம் பிளேடின் துளைக்கும், உள்வட்டம் ஹப்பின் கழுத்துக்கும் ஆட்டமில்லாமல் சேர வேண்டும் என்பது யாருக்கும் புரியும். ஆனால் புஷ்ஷின் உயரம் பிளேடின் தடிமனைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் போல்ட்டும் வாஷரும் புஷ்ஷைத்தான் இறுக்கிப் பிடிக்கும், பிளேடு லூசாகவே நிற்கும். வட்டத் துளை பிளேடை ஓட்டுவது அந்த இறுக்கத்தின் உராய்வு மட்டும்தான். நட்சத்திரத் துளை மாதிரி பல்லில் மாட்டிக்கொள்ளாது.

மூன்று புஷ் கடைந்து முடித்ததும் விடவில்லை. கராஜ் சுவரில் ஆணி அடித்து ஒவ்வொரு பிளேடையும் நடுத்துளையில் தொங்கவிட்டார். புதுசு, பெட்டியிலிருந்து பிரித்தது. ஒன்று மட்டும் இடது பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. அந்தப் பக்கத்தின் வெட்டு முனையில் அரத்தை வைத்து நாலு இழுப்பு, மறுபடி தொங்கவிட்டுப் பார்ப்பது, மறுபடி நாலு இழுப்பு. தராசு மாதிரி நேராக நின்ற பிறகுதான் காபி கேட்டார்.

அவர் ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. போனில் முதல் கேள்வி பேரனைப் பற்றி, இரண்டாவது புஷ் தேய்ந்துவிட்டதா என்று.

*

ஒஹாயோவிலிருந்து:

எங்களுடையது நியூ ஐடியா என்ற வேறு கம்பெனிப் பெயரில் வந்த எலெக்-டிராக். ஸ்டிக்கர்தான் வேறு, உள்ளே ஜெனரல் எலெக்ட்ரிக் சரக்குதான். நான் சொல்லப்போவது தேவையே இல்லாமல் பிளேடு வாங்கிய கதை. என் கணவர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

மேப்பிள் மரத்து வேர் மேல் ஏற்றிவிட்டார். நடு பிளேடு நின்றுபோய், மோட்டாருக்குள் கரகரவென்று சத்தம். இந்த மோட்டார்களில் காந்தங்களை உள்சுவரில் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அடி பலமாக விழுந்தால் பெயர்ந்து வரும். நான் தான் மோட்டாரைப் பிரித்தேன், துருவைச் சுரண்டி எபாக்ஸி வைத்துக் காந்தத்தை ஒட்டினேன், மாட்டினேன். பிரமாதமாகச் சுற்றியது. ஆனால் புல் மட்டும் வெட்டுப்படவில்லை. நடுவில் ஒரு பட்டையாகப் படுத்துக் கிடக்கும், இரண்டு மணி நேரத்தில் எழுந்து நிற்கும்.

"வேரில் பட்டு முனை மழுங்கிவிட்டது, புது பிளேடு வாங்கு" என்றார். மூன்றாக வாங்கினோம், வந்து சேரப் பத்து நாள். மாட்டினால் அதே கதை.

கடைசியில் போனைத் தள்ளித் தரையில் வைத்து டெக்கின் அடியை வீடியோ எடுத்தேன். சுவிட்சை அணைத்து வேகம் குறையும்போது பார்த்தால் நடு பிளேடு மற்ற இரண்டுக்கும் எதிர்த் திசையில் சுற்றுகிறது! நிரந்தரக் காந்த மோட்டாருக்கு இரண்டு கம்பியை மாற்றிக் கொடுத்தால் பின்னோக்கிச் சுற்றும். எட்டாம் வகுப்புப் பாடம். நான் தான் மாற்றிச் சொருகியிருந்தேன். பிளேடு தன் முதுகால் புல்லைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. கம்பியைச் சரியாக மாட்டினேன், பழைய பிளேடே போதும். இரண்டு நிமிட வேலை.

அதனால் மோட்டாரில் யாராவது கை வைத்திருந்தால், பிளேடைக் குறை சொல்வதற்கு முன் சுற்றும் திசையைப் பாருங்கள்.

*

பென்சில்வேனியாவிலிருந்து:

சின்னதாக ஒன்று. இறக்கை உயரமான பிளேடு, அதாவது ஹை-லிஃப்ட், பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். அந்த இறக்கை காற்றாடி மாதிரி காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்தும், பையில் தள்ளும். பெட்ரோல் எஞ்சினுக்கு அது பெரிய சுமையில்லை. நமக்கு அந்தக் காற்றும் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். கம்பியில் ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன், புல்லே இல்லாத இடத்தில்கூட கரண்ட் பளிச்சென்று ஏறியது. முன்பு ஒரே சார்ஜில் முன்புறம், பின்புறம் இரண்டும் முடியும். ஹை-லிஃப்ட் போட்ட பிறகு பின்புறம் பாதியில் வண்டி மூச்சு வாங்கியது. மறுபடி தாழ்ந்த இறக்கைக்கே வந்துவிட்டேன்.

*

மறுபடி ஸ்கெனெக்டெடி பக்கத்திலிருந்து:

எல்லாவற்றையும் படித்தேன். கோயம்புத்தூர் மாமாவை எனக்கு ஒரு மாதம் அனுப்பிவைக்க முடியுமா?

இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள், நீளமான பிளேடை வாங்கி வெட்டிக்கொள்ளலாமே என்று. நானும் யோசித்தேன். கெட்டிப்படுத்திய எஃகு அது. கிரைண்டரில் சூடேறி முனை நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் துல்லியமாக ஒரே அளவு குறைக்க வேண்டும், அப்புறம் சமன் பார்க்க வேண்டும். கொஞ்சம் நீளம் கூடிப்போனாலும் எங்கள் டெக்கில் ஆபத்து அதிகம். மூன்று மோட்டாரும் தனித்தனி, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. பக்கத்து பிளேடின் வட்டத்துக்குள் நுழைந்தால் முனையும் முனையும் மோதும். புது பிளேடு மாட்டியதும் மின்சாரம் இல்லாமல் கையால் ஒவ்வொன்றையும் மெதுவாகச் சுற்றி, பக்கத்து முனைக்கும் டெக் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள். கையுறையோடு. வெல்டிங் வைத்து ஒட்டுவது, வளைந்ததை அடித்து நிமிர்த்துவது பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அப்படி ஒட்டிய துண்டு பறந்தால் யார் காலில் விழும் என்று சொல்ல முடியாது.

எனக்குக் கடைசியில் பொருந்தியது வேறு ஏதோ சின்ன மெஷினுக்காகச் செய்த பிளேடு. பட்டியலில் டிராக்டர் பக்கத்தில் இல்லவே இல்லை. அளவை மட்டும் வைத்துத் தேடியதால் கண்ணில் பட்டது. கிடைத்த சந்தோஷத்தில் ஆறாக வாங்கிவிட்டேன். மூன்று மாட்டியாயிற்று, மூன்று கராஜில் இருக்கிறது. திருப்பி அனுப்ப மறந்த அந்த 21 அங்குல ஜோடியும் இருக்கிறது. இந்தப் பக்கம் வருபவர்கள் போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது பழைய பிளேடைக் கழற்றிக் கையோடு கொண்டுவாருங்கள். மாடல் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.